இலங்கை ஜனாதிபதியின் அதிகாரங்களும் அவற்றின் வரம்புகளும்

இலங்கையில் பெயரளவிலான பதவியாக இருந்த ஜனாதிபதிப் பதவியை, மக்களால் நேரடியாகத் தெரிவுசெய்யப்படும் நிறைவேற்று அதிகாரப் பதவியாக 1978 அரசியலமைப்பு நிலைநிறுத்தியது. அன்றுதொட்டு இவ்வதிகாரம் திருத்தத்துக்குத் திருத்தம் கூடியும் குறைந்தும் வந்திருப்பதால், எந்த ஆண்டின் சட்டத்தைப் பேசுகிறோம் என்பதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

பாராளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரத்தில் இது தெளிவாகத் தெரிகிறது. 1978 இல், பொதுத் தேர்தல் முடிந்து ஓராண்டு கடந்தாலே ஜனாதிபதி தம் விருப்பப்படி கலைக்க முடிந்தது. 2015 இல் நிறைவேறிய 19 ஆவது திருத்தம் அக்காலத்தை நான்கரை ஆண்டுகளாக்கியது. அதற்கு முன் கலைப்பதாயின் 225 உறுப்பினரில் 150 பேரின் ஆதரவுடன் பாராளுமன்றமே தீர்மானம் நிறைவேற்றிக் கேட்க வேண்டும். 2018 நவம்பர் 9 அன்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, நான்கரை ஆண்டு நிறைவடையாத பாராளுமன்றத்தைக் கலைத்தார். 33 ஆவது உறுப்புரை தரும் பொதுவான அதிகாரமே அதற்குப் போதுமென அரச தரப்பு வாதிட்டது. ஏழு நீதியரசர்கள் கொண்ட உயர் நீதிமன்ற ஆயம் (இந்தியாவின் உச்ச நீதிமன்றத்துக்கு நிகரானது இது) டிசம்பர் 13 அன்று அதனை ஏற்காமல், 70 ஆவது உறுப்புரை விதிக்கும் காலவரையறைக்கு அவ்வதிகாரமும் கட்டுப்பட்டதே என ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. 2020 இல் வந்த 20 ஆவது திருத்தம் அக்காலத்தை இரண்டரை ஆண்டுகளாகக் குறைத்தது. இன்றும் அதுவே நடைமுறை.

பிரதம நீதியரசர், சட்டமா அதிபர் போன்ற உயர் நியமனங்களுக்கு அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது 2001 இன் 17 ஆவது திருத்தமாகும். 2010 இன் 18 ஆவது திருத்தம் அப்பேரவையை நீக்கி, கருத்து மட்டும் கூறும் சபையொன்றை வைத்தது. ஒருவர் இருமுறைக்கு மேல் ஜனாதிபதிப் பதவிக்குத் தெரிவாக முடியாதென்ற தடையையும் அதுவே அகற்றியது. 19 ஆவது திருத்தம் இரண்டையும் மீட்டது. 20 ஆவது திருத்தம் பேரவையை மறுபடியும் நீக்க, 2022 இன் 21 ஆவது திருத்தம் பத்து உறுப்பினருடன் அதனை மீண்டும் நிறுவியது. இருபதாண்டுகளில் ஒரே கதவை இத்தனை முறை திறந்து மூடியது, என் பார்வையில், ஆட்சியிலிருப்போரின் வசதிக்காகவே.

பதவியிலிருக்கும் ஜனாதிபதிக்கு எதிராக வழக்குத் தொடர முடியாதெனினும், அவரது உத்தியோகபூர்வச் செயல்கள் குறித்துச் சட்டமா அதிபரை எதிர்மனுதாரராக்கி அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்ய 19 ஆவது திருத்தம் வழிசெய்தது. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 2021 இல் ஜனாதிபதி வழங்கிய பொதுமன்னிப்பை, இத்தகைய மனுக்களின் பேரில் 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கியது.

பதவிநீக்கம் மிகக் கடினமானது. 38 ஆவது உறுப்புரையின்படி, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினரின் தீர்மானம், உயர் நீதிமன்ற விசாரணை, அதன் பின் மறுபடியும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு ஆகிய மூன்றும் வேண்டும். 1991 இல் ரணசிங்க பிரேமதாசவுக்கு எதிரான முயற்சி சபாநாயகர் மட்டத்திலேயே நின்றுபோனது. 2022 ஜூலையில் கோட்டாபய ராஜபக்ச பதவி இழந்ததும் இவ்வழியால் அன்று. மக்கள் போராட்டத்தையடுத்து நாட்டைவிட்டு வெளியேறிய அவர், சிங்கப்பூரிலிருந்து பதவி விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினார்.