ஹீரோ: கதைத்தலைவனா, வீரனா, பாட்டுடைத் தலைவனா?

புதுப்படம் ஒன்றை அறிவித்ததும் "ஹீரோ யாரு?" என்று கேட்கிறோம். பதிலாக ஒரு நடிகரின் பெயர் வருகிறது. படம் பார்த்துவிட்டு வந்தவரிடம் "ஹீரோ கடைசியில செத்துடுறானா?" என்று கேட்டால், அது கதைக்குள் இருக்கும் ஆளைப் பற்றிய கேள்வி. வெள்ளத்தில் படகை இறக்கி ஊராரைக் காப்பாற்றிய மீனவரைச் செய்தித்தாள்கள் ‘ரியல் ஹீரோ’ என்று எழுதும்போது அங்கே நடிப்பும் இல்லை, கதையும் இல்லை. சொல் ஒன்று, ஆட்கள் மூன்று பேர். ‘ஹீரோ’வுக்குத் தமிழ் என்ன என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வது இதனால்தான். இந்த மூவருக்கும் தமிழ் தனித்தனியாகப் பெயர் வைத்திருக்கிறது, அவற்றை நாம்தான் எடுத்துப் புழங்காமல் விட்டுவிட்டோம் என்பது என் கட்சி.

முதலில் சொல் வந்த வழி. கிரேக்கத்தில் ‘ஹேரோஸ்’. ஹோமரின் இலியத்தில் அது போர்மறவர்களைக் குறிக்கிறது. பிற்காலக் கிரேக்கர்கள் இன்னொரு பொருளிலும் அதைப் புழங்கினார்கள்: இறந்த பிறகு கல்லறையிலேயே பலியும் படையலும் பெற்ற மனிதன். அவன் கடவுள் இல்லை, ஆனால் வெறும் மனிதனும் இல்லை. அவனைப் புதைத்த இடத்தில் அவனுடைய ஆற்றல் தங்கியிருந்து ஊரைக் காக்கும் என்று நம்பினார்கள். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல்லுக்கு, கதையின் முதன்மை ஆண் பாத்திரம் என்ற பொருள் ஏறியது 17ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். பழைய காவியங்களின் நடுவில் நின்றவன் வீரன். அதனால் வீரனின் பெயர் அந்த இடத்துக்கே ஆகிவந்தது. அப்புறம் நாவல் வந்து, நடுவில் ஒரு குமாஸ்தாவையோ கடன்காரனையோ நிறுத்தியபோதும் பெயர் மாறவில்லை.

கிரேக்கரின் அந்தப் பழைய பொருள் நமக்கு அந்நியமே இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவரும் பூசலில் மாண்ட தீயன் அந்தவன் என்பவனுக்கு நட்ட கல். அவன் அரசனும் இல்லை, குறுநிலத் தலைவனும் இல்லை. ஊர்ப்பெயர், ஆள்பெயர், செத்த பூசல், அவ்வளவுதான் எழுத்து. இப்படிக் கல் நடுவதற்குத் தொல்காப்பியம் முறையே வகுத்திருக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேடிப் பார்ப்பது முதல் நட்டு வழிபடுவது வரை வரிசையாகப் போகிறது. "கல்லே பரவின் அல்லது நெல் உகுத்துப் பரவும் கடவுளும் இலவே" என்று புறநானூற்றில் மாங்குடி கிழார் பாடுவதும் இந்தக் கல்லைத்தான். செய்தித்தாளின் ‘ரியல் ஹீரோ’ இந்த வழியில் வந்தவன். அவனுக்கு வீரன் என்ற சொல்லே போதும். அது வடமொழியிலிருந்து வந்ததுதான். லத்தீனில் ஆண்மகனைக் குறிக்கும் ‘விர்’ என்ற சொல்லுக்கு உறவும்கூட. ஆனால் மதுரை வீரனுக்குக் கோயில் கட்டிக் கும்பிடும் நாட்டில் அதை வெளிச்சொல் என்று தள்ள எனக்கு மனம் வராது. மறவன் இன்னும் பழைய சொல். இன்று அது ஒரு சமூகத்தின் பெயராகவும் இருப்பதால் பொதுப்பெயராக எடுத்தால் குழப்பம் வரும்.

அடுத்தது நாயகன். வடமொழியில் ‘நீ’ என்ற வேருக்கு நடத்திச் செல்வது என்று பொருள். நடத்துபவன் நாயகன். மாலையின் நடுவில் கோக்கும் பெரிய மணிக்கு நாயகமணி என்று பெயர். நாயக்கர் என்பதும் இதே குடும்பம். நாட்டிய சாத்திரம் நாயகர்களைத் தீரோதாத்தன், தீரலலிதன், தீரப்பிரசாந்தன், தீரோத்ததன் என்று நால்வகைப்படுத்துகிறது. இராமனைப் போலப் பெருந்தன்மை உள்ளவன் முதல்வகை. செருக்கும் சீற்றமும் உள்ளவன் கடைசி வகை. செருக்கனும் நாயகன்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். நாயகன் என்றால் நல்லவன் என்று அந்தச் சொல் எங்கேயும் உறுதி தரவில்லை. ஒரு கடத்தல்காரனை நடுவில் வைத்து 1987இல் மணிரத்னம் எடுத்த படத்துக்கு ‘நாயகன்’ என்ற பெயர் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது இதனால்தான். கதாநாயகன் என்றால் கதையை நடத்திப் போகிறவன், வேறொன்றும் இல்லை.

தமிழ் இலக்கணம் இதற்கு வைத்த பெயர்கள் தலைவன், தலைமகன், கிழவன். கிழவன் என்றதும் இன்று நமக்கு முதியவர்தான் நினைவுக்கு வருவார். தொல்காப்பியத்தில் அவன் உரிமை உடையவன். கிழமை என்றால் உரிமை. "ஒத்த கிழவனும் கிழத்தியும்" என்று அது சொல்வது ஒருவருக்கொருவர் உரிமையான காதலர்களை. அகப்பாட்டின் இந்தத் தலைவனுக்கு ஒரு கடுமையான கட்டுப்பாடு உண்டு. "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்" என்று தொல்காப்பியம் சொல்லிவிடுகிறது. பெயர் சொல்லக் கூடாது. பெயர் இல்லாததால் அவன் காதல் எல்லாருடைய காதலும் ஆகிறது.

இந்த விதியை எவ்வளவு கண்டிப்பாகப் பார்த்தார்கள் என்பதற்கு நெடுநல்வாடை சாட்சி. மழைக்குளிரில் அரண்மனையில் தவிக்கும் தலைவி, பாசறையில் தூங்காமல் காயம்பட்ட வீரர்களைப் பார்த்து ஆறுதல் சொல்லித் திரியும் தலைவன். அகப்பாட்டுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. ஆனால் அவனுக்கு முன்னே போகிறவன் கையில் ஏந்திய வேலாயுதத்தை "வேம்பு தலை யாத்த நோன்காழ் எஃகம்" என்கிறார் நக்கீரர். வேப்பம்பூ பாண்டியனின் அடையாளம். ஆள் யார் என்று தெரிந்துவிட்டது, ஆகவே இது புறம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தீர்ப்புச் சொன்னார். வேலின் நுனியில் கட்டிய ஒரு பூ 188 அடிப் பாட்டின் திணையையே மாற்றிவிட்டது. கதைக்குள் இருக்கும் ஆளும், வெளியே நாட்டை ஆளும் ஆளும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்பதில் நம் முன்னோர்கள் அத்தனை கவனமாக இருந்தார்கள்.

பிறகு காதலின் கட்டங்களை வரிசையாகக் கோத்துப் பாடும் கோவை நூல்கள் வந்தன. காதல் கதையைப் பாடவும் வேண்டும், ஆதரித்த வள்ளலைப் புகழவும் வேண்டும். இதற்குப் புலவர்கள் கண்ட வழி இரண்டு தலைவர்கள். காதலிப்பவன், மலையில் காத்திருப்பவன், பிரிந்து போகிறவன் எல்லாம் கிளவித் தலைவன். அவனுக்கு அப்போதும் பெயர் கிடையாது. புகழ் முழுவதையும் வாங்கிக்கொள்பவன் பாட்டுடைத் தலைவன். பொய்யாமொழிப் புலவரின் தஞ்சைவாணன் கோவையில் வாணன் காதலிப்பதே இல்லை. பெயரில்லாத இருவரின் காதல் நடக்கும். வாணனும் அவன் ஊரும் கொடையும் வெற்றியும் பாட்டுக்குப் பாட்டு நுழைந்துகொண்டே இருக்கும். திருக்கோவையாரில் பாட்டுடைத் தலைவன் தில்லைச் சிவன். அங்கே இந்தப் பிரிவு எவ்வளவு அவசியம் என்று சொல்லவே வேண்டாம்.

இந்த இரண்டு பெயர்களும் புலவர் வகுப்போடு முடங்கிப் போகக் கூடாதவை. தமிழ் சினிமாவை விளக்க இவற்றைவிடக் கூர்மையான கருவி எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஓப்பனிங் சாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கதையில் அவன் ஆட்டோ ஓட்டுபவனாகவோ பால் விற்பவனாகவோ இருப்பான். பாட்டு புகழ்வது அவனை இல்லை, நடிகரை. அவர் ரசிகர்களுக்குச் சொல்லும் அறிவுரை, அவருடைய கொடை, சில சமயம் அவருடைய அரசியல்கூட அதில் இருக்கும். பாட்டு முடிந்ததும் கதாபாத்திரம் வேலையைப் பார்க்கப் போய்விடும். கிளவித் தலைவன் ஆட்டோக்காரன், பாட்டுடைத் தலைவன் நடிகர். இந்த வழக்கத்துக்குச் சினிமாவை மட்டும் காரணம் சொல்ல முடியாது. தெருக்கூத்தில் இருவர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து வேடக்காரர் தன் பெருமையைத் தானே பாடி வருவார். நாடகக் கம்பெனிகளில் முதன்மை ஆண் வேடக்காரருக்கு ராஜபார்ட் என்று தனி அந்தஸ்து இருந்தது. நாடகம் எதுவாக இருந்தாலும் ராஜபார்ட்டைப் பார்க்கத்தான் கூட்டம் போயிற்று.

கோவையில் பிரித்து வைத்த இருவரையும் சினிமா ஒரே உடம்பில் ஏற்றியது. 1958இல் எம்.ஜி.ஆர். தானே இயக்கி நடித்த ‘நாடோடி மன்னன்’ படத்தில் வீராங்கன் என்ற சாதாரண ஆள் அரசன் இடத்தில் அமர்ந்து ஏழைகளுக்குச் சட்டம் செய்கிறான். பார்த்தவர்களுக்கு அது எம்.ஜி.ஆர். செய்யப்போகும் சட்டம். 1977இல் அவர் முதலமைச்சரானபோது தலைவன் என்ற சொல்லின் அகப்பொருளும் புறப்பொருளும் ஒன்றாகிவிட்டன. இன்று ரசிகர்கள் நடிகரைத் ‘தலைவர்’ என்பது அதன் தொடர்ச்சிதான்.

இந்தக் கலப்பினால் கதைக்கு நஷ்டம் உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். பாட்டுடைத் தலைவன் தோற்கக் கூடாது, இழிசெயல் செய்யக் கூடாது, பொய் சொன்னால் நல்லதற்குச் சொல்ல வேண்டும். ஆகவே கிளவித் தலைவனும் தோற்க முடியாமல் போகிறான். விதிவிலக்காக ஒரு படம் எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். எஸ். பாலச்சந்தர் இயக்கி 1954இல் வந்த ‘அந்த நாள்’. சிவாஜி கணேசன் அதில் நாட்டின் ரகசியத்தை எதிரிக்கு விற்கும் துரோகி. அவனுடைய சாவுதான் கதை. அந்தப் படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. பாட்டே இல்லாத இடத்தில் பாட்டுடைத் தலைவனுக்கு வேலை இல்லை, நடிகர் முழுதாகக் கதாபாத்திரமாகிறார். எதிர்நாயகன் என்ற சொல் இப்படிப்பட்டவனுக்கு உரியது: கதையின் நடுவில் இருப்பான், நாயகக் குணம் இருக்காது. வில்லனை எதிர்நாயகன் என்று எழுதுவது தவறு. வில்லன் நாயகனோடு மோதுபவன், நடுவில் இருப்பவன் இல்லை.

நாவலில் சங்கதி வேறு. "தன்னிகர் இல்லாத் தலைவனை உடைத்தாய்" இருக்க வேண்டும் என்று பெருங்காப்பியத்துக்குத் தண்டியலங்காரம் போட்ட விதி உரைநடைக்கு வந்ததும் தளர்ந்தது. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய ‘பொன்னியின் செல்வ’னில் தலைப்பு அருள்மொழிவர்மனுடையது. ஆனால் முதல் அத்தியாயத்தில் ஆடித் திருநாளன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறவன் வந்தியத்தேவன். மாட்டிக்கொள்கிறான், பொய் சொல்லித் தப்பிக்கிறான், அசட்டுத்தனமும் செய்கிறான். நாம் கதை நெடுக அவன் முதுகுக்குப் பின்னாலேயே போகிறோம். அருள்மொழி பாட்டுடைத் தலைவன், வந்தியத்தேவன் கிளவித் தலைவன். கோவைப் புலவர்களின் பிரிவினையைக் கல்கி நாவலில் மறுபடி செய்து காட்டியிருக்கிறார். புகழுரையின் பாரத்தை இன்னொருவர் சுமப்பதால்தான் வந்தியத்தேவனால் அத்தனை இயல்பாக இருக்க முடிகிறது.

சரி, எதை எங்கே எழுதுவது? கதையின் நடுவில் நிற்கும் பாத்திரத்துக்குக் கதைத்தலைவன். நாயகன், கதாநாயகன் என்று எழுதுவதிலும் குற்றம் இல்லை, அவை நூற்றாண்டுக் கணக்கில் புழங்கியவை. துணிந்து ஒரு காரியம் செய்தவனுக்கு வீரன். ஒரு படமோ நூலோ யாருடைய புகழுக்காக நடக்கிறதோ அவருக்குப் பாட்டுடைத் தலைவன். விமரிசனம் எழுதுகிறவர்கள் இந்தக் கடைசிச் சொல்லை எடுத்துக்கொண்டால், "படம் முழுக்க ஹீரோ பில்டப்" என்று சலித்துக்கொள்வதைவிடத் தெளிவாக விஷயத்தைச் சொல்ல முடியும்.

கதைத்தலைவன் என்ற சொல்லை நான் முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணம் கதைத்தலைவி. ‘ஹீரோயின்’ என்றால் நம் சினிமாவில் ஹீரோவுக்கு ஜோடி என்றாகிவிட்டது. கதையைத் தூக்கிச் சுமக்கும் பெண்ணைச் சொல்ல ‘ஹீரோயின் சப்ஜெக்ட்’ என்று தனியாக ஒன்று தேவைப்படுகிறது. 1879இல் வந்த முதல் தமிழ் நாவலுக்கு வேதநாயகம் பிள்ளை ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்று ஆணின் பெயரைத்தான் வைத்தார். ஆனால் ஆண் வேடம் போட்டு நாட்டை ஆள்கிறவள் ஞானாம்பாள். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக் காண்டத்திலேயே வெட்டுண்டு போகிறான். அதற்கடுத்த வஞ்சிக் காண்டத்தின் காதைப் பெயர்களைப் பாருங்கள்: காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை. மாண்ட மறவனுக்குக் கல் நடத் தொல்காப்பியம் சொன்ன அதே வரிசையை இளங்கோ கண்ணகிக்கு எடுத்து வைத்திருக்கிறார். அவள் கதைத்தலைவி, வீரர்களுக்கு உரிய கல்லும் அவளுக்குத்தான்.