விறகு அடுப்பு ஏன் முனகுகிறது?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “குளிருக்காக வீட்டுக்குள் இரும்பு விறகு அடுப்பு வைத்திருக்கிறோம். கதவு போட்டது, புகைக்குழாய் கூரைக்கு மேலே போகிறது. பற்றவைத்ததும் டிக் டிக் என்கிறது. பிறகு உஸ்ஸென்கிறது. இரவில் காற்றுத் திறப்பைக் குறைத்துவிட்டுப் படுத்தால் ‘ம்ம்ம்’ என்று முனக ஆரம்பித்துவிடுகிறது. ஜன்னல் கண்ணாடிகூட அதிர்கிறது. வீட்டுப் பெரியவர் இது நல்ல சகுனம் இல்லை என்கிறார். பயப்பட வேண்டுமா?”

மூன்று சத்தங்கள், மூன்று காரணங்கள். இரண்டைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மூன்றாவதுதான் என்னை இந்தக் கட்டுரைக்கு உட்காரவைத்தது.

அடுப்புச் சத்தம் எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது அது எப்போது வருகிறது என்பதை. சூடேறும்போதும் ஆறும்போதும் மட்டும் வந்தால் அது இரும்பின் சத்தம். விறகு போட்டவுடன் வந்தால் விறகின் சத்தம். காற்றைக் கூட்டிக் குறைக்கும்போது மாறினால் நெருப்பின் சத்தம். அடுப்பே எரியாத நாளிலும், வெளியே காற்று பலமாக வீசும்போது ஊளையிட்டால் அது புகைபோக்கியின் வாய் போடும் சத்தம். காலி பாட்டிலின் வாயில் குறுக்காக ஊதினால் வருவதும் இதேதான். மேல்மூடியை மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

டிக் டிக் என்பது வெப்ப விரிவு. 2 மீட்டர் எஃகுக் குழாய் 300 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளும். பொருத்துகள் இறுக்கமாக இருந்தால் வழுக்கிக்கொண்டு நீள முடியாது. கொஞ்சம் பிடித்துவைத்து, பிறகு சட்டென்று விடும். ஒவ்வொரு விடுப்பும் ஒரு டிக். இதற்கு எதுவும் செய்ய வேண்டாம். ‘டொம்’ என்று பெரிதாகக் கேட்டால் ஏதோ ஒரு தகடு விரிய இடமில்லாமல் குழிந்து புடைக்கிறது. அடுப்பு முழுக்க ஆறிய பிறகு உள்ளே இருக்கும் தடுப்புத் தகடும் செங்கல்லும் இடத்தில் இருக்கின்றனவா, திருகாணி எதுவும் அளவுக்கு மீறி முறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வார்ப்பிரும்பு அடுப்பில் ஒரே ஒரு முறை ‘படார்’ என்று கேட்டு, மறுபடி கேட்கவே இல்லை என்றால் கவனம் தேவை. அது விரிசலாக இருக்கலாம். இருட்டில் எரியறைக்குள் டார்ச்சை வைத்துக் கதவைச் சாத்தினால், விரிசல் இருக்கும் இடத்தில் வெளிச்சம் கசியும்.

உஸ் என்பது ஈரம். விறகுக்குள் இருக்கும் 1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் கேட்கும். கட்டையின் வெட்டுமுகத்தில் நுரை தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆவி வெளியேறும் வழி அது. வழி அடைபட்டு, பிசின் தேங்கிய பொந்துக்குள் மாட்டிக்கொண்டால் பட்டென்று வெடிக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை விறகைக் காயவையுங்கள். பிளந்து அடுக்கினால் சீக்கிரம் காயும். சத்தத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இதற்கு உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

இனி, அந்த முனகல்.

1859இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ரைக்கே என்ற இயற்பியல் பேராசிரியர் ஒரு வேடிக்கையைக் கண்டார். இரண்டு பக்கமும் திறந்த குழாயைச் செங்குத்தாக நிறுத்தினார். அதற்குள், கீழிருந்து கால்வாசி உயரத்தில் கம்பிவலை. வலையைச் சிவக்கக் காய்ச்சிவிட்டுச் சுடரை எடுத்ததும் குழாய் தானாகவே உரக்கப் பாடியது. குழாயைப் படுக்கவைத்தால் பாட்டு நின்றது. மறுபடி நிமிர்த்தினால் மறுபடி பாடியது. ஊதுவதற்கு ஆள் இல்லை. சூடான வலையும் அதன் வழியே மேலே ஏறும் காற்றும் மட்டும்தான்.

எப்படி? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். கண்டபடி தள்ளினால் ஊஞ்சல் ஆடாது. அது போகும் திசையில், போகும் நேரத்தில் தள்ள வேண்டும். குழாய்க்குள் இருக்கும் காற்றும் ஓர் ஊஞ்சல்தான். இரண்டு வாயிலிருந்தும் நடுவை நோக்கி நெருங்கும், நடுவில் அழுத்தம் கூடும், பிறகு இரண்டு பக்கமும் விலகும், அழுத்தம் குறையும். இந்த ஊஞ்சலை எந்த நேரத்தில் தள்ள வேண்டும் என்று 1878இல் ஆங்கில இயற்பியலாளர் ரேலே பிரபு சொன்னார்: காற்று நெருங்கியிருக்கும் தருணத்தில் அதற்கு வெப்பம் கொடுத்தால் அதிர்வு வளரும்; விலகியிருக்கும் தருணத்தில் கொடுத்தால் தேயும். விதி இவ்வளவுதான்.

அழகு இனிமேல்தான் வருகிறது. சரியான தருணத்தில் வெப்பம் கொடுக்க வலைக்கு மூளையா இருக்கிறது? இல்லை. வேலையை இடம் செய்கிறது. வலை இருப்பது குழாயின் கீழ்ப்பாதியில். காற்று நடுவை நோக்கி நெருங்கும்போது, கீழ்ப்பாதியில் அது மேல்நோக்கி ஓடுகிறது. சூட்டால் ஏறும் காற்றோட்டமும் மேல்நோக்கியே. இரண்டும் சேர்ந்துகொள்ள, குளிர்ந்த புதுக் காற்று வலை வழியே வேகமாகப் பாய்ந்து நிறைய வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வாங்கிச் சூடேறச் சிறிது தாமதம் ஆகும். அந்தத் தாமதம் வெப்பத்தை, அழுத்தம் உச்சமாக இருக்கும் தருணத்தை ஒட்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. காற்று விலகும்போது எல்லாம் தலைகீழ்: ஓட்டம் தடைபடுகிறது, ஏற்கனவே சூடான காற்றே வலையருகே தங்குகிறது, வெப்பம் கொஞ்சமே போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சரியான நேரத்தில் ஒரு தள்ளு! அதே வலையை மேல்பாதியில் வைத்தால் நெருங்கும் காற்று அங்கே கீழ்நோக்கி ஓடும், கணக்கு மாறிவிடும், குழாய் வாய் திறக்காது. பல வருடங்களுக்கு முன் ஓர் இரும்புக் குழாயில் இதைச் செய்து பார்த்தேன். வலையைக் கீழிருந்து மேலே நகர்த்தியதும் சத்தம் செத்துப்போனது. அந்த மௌனம், சத்தத்தைவிட அதிகமாக என்னை ஆச்சரியப்படுத்தியது.

இப்போது உங்கள் அடுப்பைப் பாருங்கள். உயரமான குழாய், அதன் அடியில் நெருப்பு. 6 மீட்டர் புகைபோக்கியில் 200 டிகிரிப் புகை இருந்தால், இரண்டு பக்கமும் திறந்ததாகக் கணக்கிட்டால் விநாடிக்குச் சுமார் 36 அதிர்வு வரும். காற்றுத் திறப்பைக் குறைத்து அடியை ஏறக்குறைய மூடிவிட்டால் அது பாதியாகி, 18ஐ ஒட்டி இறங்கும். நம் காதுக்கு எட்டும் கீழ் எல்லையே 20. அதனால்தான் காதுக்குப் பாதியும் ஜன்னல் கண்ணாடிக்கு முழுதுமாக அந்த முனகல் போய்ச் சேருகிறது. தீர்வும் இங்கேயே இருக்கிறது: தருணத்தைக் குலைத்தால் போதும். காற்றுத் திறப்பை விரலகலம் கூட்டுங்கள். கட்டைகளை இடம் மாற்றி அடுக்குங்கள். படுக்கும் முன் அடைக்க அடைக்கப் போடாமல் குறைவாகப் போடுங்கள்.

ரைக்கே குழாய் விளையாட்டுப் பொருளாகவே நூறு வருடம் இருந்தது. பிறகு, நிலவுக்கு மனிதர்களை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 இஞ்சினில் இதே நோய் வந்தது. எரிதலும் ஒலியும் கைகோத்துக்கொண்டு இஞ்சின்களை நொறுக்கின. ஏறத்தாழ 2,000 முழு அளவுச் சோதனைகள் நடந்தன. எரியும் அறைக்குள் வேண்டுமென்றே சின்னக் குண்டுகளை வெடித்து, அதிர்வு தானாக அடங்குகிறதா என்று பார்த்தார்கள். எரிபொருள் தெளிக்கும் தட்டில் தடுப்புச் சுவர்கள் வைத்த பிறகே நோய் தீர்ந்தது. பாடும் குழாயால் யாருக்கு என்ன லாபம் என்று 1859இல் ஒருவர் கேட்டிருந்தால் ரைக்கேயிடம் பதில் இருந்திருக்காது. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் விண்ணப்பத்தில் ‘உடனடிப் பயன்’ என்று ஒரு கட்டம் போட்டு அதை நிரப்பச் சொல்வதை நான் ஏன் எதிர்க்கிறேன் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

முனகலோடு குழப்பிக்கொள்ளக் கூடாத சத்தம் ஒன்று உண்டு: சில விநாடிக்கு ஒருமுறை ‘குப்... குப்...’. நிறைய விறகைப் போட்டு உடனே காற்றைக் குறைத்தால், விறகு எரியாமல் வாயுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் போதாமல் அது தேங்கும், காற்று கொஞ்சம் புகுந்ததும் ஒரேயடியாகப் பற்றும், அழுத்தம் காற்றை வெளியே தள்ள, நெருப்பு அணையும், மறுபடி தேங்கும். ஒவ்வொரு குப்பிலும் அடுப்பின் இடுக்குகள் வழியே புகை அறைக்குள் வருகிறது. அதில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. சகுனம் என்று சொல்லிவிட்டு வேறு அறைக்குப் போய்ப் படுப்பதை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். தூங்குகிறவரை எழுப்பாமலே கொல்லக்கூடிய வாயு அது. காற்றுத் திறப்பை மெல்லக் கூட்டுங்கள், அறை ஜன்னலைத் திறந்துவையுங்கள். அடுப்புக் கதவைச் சட்டென்று திறக்காதீர்கள், தேங்கிய வாயு முகத்தில் பற்றும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் அடுப்பு எரிக்கவே கூடாது.

விசில் சத்தம் எளிது. கதவோரக் கேஸ்கட் தேய்ந்து காற்று இடுக்கில் நுழைகிறது. ஆறிய அடுப்பில் ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கேஸ்கட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது.

ஈர விறகைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்றேன். ஈர விறகும் மூச்சுமுட்டும் நெருப்பும் சேர்ந்தால் புகை குளிர்ந்து, கிரியோசோட் என்ற தார் புகைக்குழாயின் உள்சுவரில் படியும். ஒருநாள் அது பற்றிக்கொண்டால் குழாய்க்குள் 1,000 டிகிரிக்கு மேல் போகும். ரயில் வருவதுபோன்ற பேரிரைச்சல் கேட்கும். கேட்டால் கதவையும் காற்றுத் திறப்பையும் மூடிவிட்டு, எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது குழாயைச் சுத்தம் செய்தால் இந்தச் சத்தத்தை வாழ்நாளில் கேட்கவே வேண்டியிருக்காது.

வாசகிக்கு முதலில் சுருக்கமாகப் பதில் போட்டிருந்தேன். போன வாரம் மறுபடி எழுதினார். காற்றுத் திறப்பை ஒரு விரல் கூட்டிவைத்த அன்றிரவே முனகல் நின்றுவிட்டதாம். காய்ந்த விறகு வாங்கியதில் உஸ்ஸும் போய்விட்டது. டிக் டிக் மட்டும் தொடர்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறேன் என்கிறார்.