மீட்டரை மாற்றும் முன் குழாயைப் பாருங்கள்

இந்த மாதத்தில் இப்படி வரும் மூன்றாவது அழைப்பு இது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி வந்து சம்ப்பில் இறக்கிவிட்டுப் போகிறது. குழாயில் ஓடும் தண்ணீரை அளக்கும் மின்காந்த ஃப்ளோ மீட்டரோ 15,500 லிட்டர் என்று கணக்குச் சொல்கிறது. கொள்ளளவுக்கு மேல் தண்ணீர் கொடுத்த லாரி சென்னையில் இதுவரை ஓடியதில்லை என்பதால், பழி மீட்டர் மேல் விழுந்தது. பழையதைக் கழற்றிவிட்டு, இரண்டு மடங்கு விலையில் வேறொன்றை அதே இடத்தில் மாட்டினார்கள். அது 15,400 என்றது. அதன் பிறகுதான் என்னை அழைத்தார்கள்.

லாரியின் ஹோஸ் மாட்டும் இடத்திலிருந்து படுக்கையாக வருகிறது 80 மில்லிமீட்டர் குழாய். அதன் கடைசியில் மீட்டர். அங்கிருந்து ஒரு சாண் தள்ளி, குழாய் வாயைத் திறந்தபடி சம்ப்புக்குள் கொட்டுகிறது. அந்தக் குழாய் ஒருநாளும் முழுதாக நிறைந்ததே இல்லை.

எத்தனை முறை சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள்: இந்த மீட்டர் லிட்டரை அளப்பதில்லை, வேகத்தை அளக்கிறது. அந்த வேகத்தைக் குழாயின் முழுக் குறுக்குப் பரப்பால் பெருக்கி லிட்டராகக் காட்டுகிறது. 80 மில்லிமீட்டர் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகம் என்றால் மணிக்கு சுமார் 18,000 லிட்டர். குழாய் முக்கால் பங்கே நிறைந்திருந்தால் உண்மையில் போவது 13,500 லிட்டர்தான்; குழாயின் உட்சுவரில் இரு பக்கமும் தண்ணீரைத் தொட்டிருக்கும் எலக்ட்ரோடுகள் நனைந்திருக்கும்வரை மீட்டர் ஏறத்தாழ 18,000 என்றே காட்டும். மேலே ஓடும் காற்றையும் தண்ணீராக எண்ணி அது உங்களுக்குக் கணக்கு எழுதுகிறது. லாரி காலியாகும் நேரத்தில் நீர்மட்டம் எலக்ட்ரோடுக்குக் கீழே இறங்கினால், எண்கள் பேயாட்டம் ஆடும்.

“சார், மீட்டருக்குள் கணக்கைப் பெருக்கும் ஃபாக்டரை 0.77 என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடுமே?” என்றார் பராமரிப்பு மேலாளர். எனக்கு எரிச்சல் தலைக்கேறுவது இந்த இடத்தில்தான். இன்று வந்த லாரிக்கு 0.77 பொருந்தும். நாளை வருபவர் வால்வைப் பாதி திறந்தால் குழாய் நிறையும் அளவு மாறும், உங்கள் 0.77 பொய்யாகும். ஆய்வகத்தில் அளவுதிருத்தம் செய்து எழுதிய எண்ணை ஸ்குரூ டிரைவர் வைத்திருப்பவர் எல்லாம் மாற்றினால், அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி என்ன பயன்? பழைய எண்ணைக் குறித்துவைத்தவர்களும் அங்கே யாருமில்லை.

தீர்வுக்கு ஆனது நான்கு எல்போக்கள், அரை நாள் வெல்டிங். குழாயைக் கீழே இறக்கி, மீண்டும் மேலே ஏற்றி, எப்போதும் தண்ணீர் நிறைந்தே நிற்கும் அந்தப் பள்ளத்தில் மீட்டரை உட்காரவைத்தோம். அடுத்த லாரிக்கு 11,900 காட்டியது. வெல்டிங் முடியும்வரை மீட்டரைக் கழற்றி ஓரமாக வைக்கச் சொன்னேன். உள்ளே லைனராக, அதாவது உட்புற உறையாக இருப்பது ரப்பரோ டெஃப்ளானோ, இரண்டும் வெல்டிங் சூட்டைத் தாங்காது. சென்ற ஆண்டு ஓரிடத்தில் மீட்டரை வைத்துக்கொண்டே ஃபிளாஞ்சைப் பற்றவைத்து, லைனரை அப்பளமாகப் பொரித்து வைத்திருந்தார்கள்.

காந்தப்புலத்தினூடே ஓடும் தண்ணீரில் மின்னழுத்தம் பிறக்கும், அதை வைத்து வேகத்தை அறியலாம்; இதுதான் இந்த மீட்டரின் அடிப்படை. அதற்கு ஆதாரமான மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த ஃபாரடேயே 1832-இல் லண்டன் வாட்டர்லூ பாலத்தில் செப்புத் தகடுகளை இறக்கி தேம்ஸ் நதியின் ஓட்டத்தை அளக்க முயன்று, தெளிவான விடை கிடைக்காமல் திரும்பினார். நம் கூவத்தில் முயன்றிருந்தால் மின்கடத்துத்திறனுக்காவது பஞ்சம் இருந்திருக்காது. சிரிக்க வேண்டாம், கனிமம் நீக்கிய கொதிகலன் தண்ணீருக்கு இதே மீட்டரை வாங்கிவிட்டு, எண்ணே வரவில்லை என்று அழைத்தவர்கள் உண்டு. பெரும்பாலான மாடல்களுக்குச் சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோசீமன்ஸ் கடத்துத்திறனாவது வேண்டும். அந்தத் தண்ணீரில் 1 கூட இருக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிவிசி குழாயில், தண்ணீரை எர்த்தோடு இணைக்கும் உலோக எர்த்திங் வளையம் இல்லாமல் மீட்டரை மாட்டாதீர்கள். மோட்டார் டிரைவ் கேபிளோடு சிக்னல் கேபிளைச் சேர்த்துக் கட்டாதீர்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் என்றால் எலக்ட்ரோடில் உப்புப் படியும். மெல்லிய துணியால் துடையுங்கள், ஹாக்சா பிளேடால் சுரண்டாதீர்கள். கேபிளை மீட்டருக்குக் கீழே ஒரு வளைவு விட்டு மேலேற்றுங்கள். ஐப்பசி மழையில், கேபிள் நுழையும் கிளாண்டு வழியாக இறங்கிய தண்ணீரை நான் டெர்மினல் பெட்டியிலிருந்து டம்ளர் கணக்கில் ஊற்றியிருக்கிறேன்.

கட்டுப்பாட்டு அறையில் எப்போதும் ஒரே விகிதத்தில் குறைவாகக் காட்டுகிறதா? மீட்டர் அங்கே அனுப்பும் 4 முதல் 20 மில்லியாம்பியர் சிக்னலின் உச்சத்துக்கு, மீட்டரில் மணிக்கு 50 கன மீட்டர் என்றும், அதை வாங்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியில் 40 என்றும் வைத்திருப்பார்கள். மீட்டர் 25 காட்டும்போது அங்கே 20 வரும். இதற்கு ஸ்பேனரே தேவையில்லை.

என்னை அழைப்பதற்கு முன் தயவுசெய்து இரண்டு வேலை செய்யுங்கள். குழாய் நிறைந்திருக்கும்போது தண்ணீர் மீட்டரைத் தாண்டிய பிறகு வரும் வால்வை இறுக மூடி, பூஜ்யம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் முதலில் வால்வு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு தொட்டியில் மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று அளவுகோல் வைத்து அளந்து ஒப்பிடுங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 சென்டிமீட்டர் ஏறினால் 10 லிட்டர். இரண்டு முடிவுகளையும் எழுதி, கூடவே ஒரு புகைப்படமும் அனுப்புங்கள். மீட்டரின் முகப்பு எனக்கு வேண்டாம். குழாய் எங்கிருந்து வந்து எங்கே விழுகிறது என்று தெரிய வேண்டும்.