ரைநிச்சி கைகொகுஜின்: வந்தவரா, இருப்பவரா?

‘ஜப்பானில் வெளிநாட்டவர் குற்றங்கள் அதிகரிப்பு’ என்று ஒரு தலைப்பு கண்ணில் பட்டால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஜப்பான் தேசியக் காவல் முகமையின் அட்டவணை ஒன்று இருக்கும். அந்த அட்டவணையின் தலையில் இருக்கும் சொல் ‘ரைநிச்சி கைகொகுஜின்’. ஜப்பானிய மொழியில் இதை எழுத ஐந்து எழுத்து போதும். செய்தித்தாள் தலைப்பில் இடம் நெருக்கடி. முதல் இரண்டு எழுத்தை, அதாவது ‘ரைநிச்சி’யை, வெட்டிவிட்டால் மூன்றே எழுத்தில் ‘கைகொகுஜின்’, வெளிநாட்டவர். ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்து சேரும்போது அந்த இரண்டு எழுத்து இருந்த தடமே இருக்காது. இந்தக் கட்டுரை அந்த இரண்டு எழுத்தைப் பற்றியது.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். பின்பாதி தமிழனுக்குச் சிரமமே தராது. கை என்றால் வெளி, கொகு என்றால் நாடு, ஜின் என்றால் ஆள். வெளி, நாடு, அவர். நம் ‘வெளிநாட்டவர்’ என்ற சொல்லைக் கழற்றி வைத்ததுபோல் அப்படியே பொருந்துகிறது. நடுவில் உள்ள நாட்டை எடுத்துவிட்டால் ‘கைஜின்’, அதாவது வெளியாள். பேச்சில் சகஜமாகப் புழங்கும் சொல், ஆனால் அப்படி அழைக்கப்படுகிறவர்கள் பலருக்குப் பிடிக்காது. அதனால் ஒளிபரப்பிலும் அச்சிலும் முழுச்சொல்லையே போடுகிறார்கள்.

முன்பாதியில்தான் விஷயம். ‘ரை’ என்றால் வருதல். ‘நிச்சி’ என்பது ஞாயிறைக் குறிக்கும் எழுத்து; ஜப்பானின் பெயரில் முதலில் நிற்பதால் நாட்டுக்கே சுருக்கப் பெயராகிவிட்டது. ஆக ‘ரைநிச்சி’ என்றால் ஜப்பானுக்கு வருதல். ஒரு பாடகர் கச்சேரிக்காக டோக்கியோ போனாலும் இதே சொல்தான். இதற்கு எதிரே இன்னொரு சொல் உண்டு: ‘ஸைநிச்சி’. ‘ஸை’ என்றால் இருத்தல். கொரியா ஜப்பானின் காலனியாக இருந்த காலத்தில் ஜப்பானுக்கு வந்த கொரியர்களையும் அவர்களுடைய வழிவந்தோரையும் குறிக்க இந்தச் சொல் நிலைத்துவிட்டது. ஒருவர் வந்தவர், ஒருவர் இருப்பவர். ஒரே எழுத்து வித்தியாசம்.

சரி, காவல்துறை யாரை ‘வந்தவர்’ என்கிறது? அதன் வரையறை கழித்தல் கணக்காக எழுதப்பட்டது. ஜப்பானில் உள்ள வெளிநாட்டவர் அனைவரையும் எடுத்துக்கொள். நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்கள், அவர்களுடைய கணவன் மனைவி உள்ளிட்டோர், சிறப்பு நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்கள் (பெரும்பாலும் மேலே சொன்ன கொரியர்கள்) ஆகியோரைக் கழி. அமெரிக்கப் படையினரையும் அவர்களைச் சேர்ந்தவர்களையும் கழி. வதிவிட நிலை என்னவென்று தெரியாதவர்களையும் கழி. மிச்சம் இருப்பவர்கள் ‘ரைநிச்சி கைகொகுஜின்’.

இந்த மிச்சத்துக்குள் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால்தான் சொல்லின் வினோதம் புரியும். ஐந்து நாள் கியோட்டோ சுற்றிப்பார்க்க வந்தவர் உண்டு. தொழிற்பயிற்சிக்கு வந்த வியட்நாம் இளைஞர் உண்டு. விசா முடிந்தும் தங்கிவிட்டவர் உண்டு. அப்புறம், ஜப்பானியரை மணந்து இருபது வருடமாகக் குடும்பம் நடத்துகிற வெளிநாட்டுப் பெண்ணும் உண்டு. ஏனென்றால் ஜப்பானியரின் மனைவி என்கிற விசா, நிரந்தர உரிமைக் கணக்கில் சேராது. 1990ல் குடிவரவுச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகு பிரேசிலிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினர் பெருமளவில் வந்து, ஹமமட்சு போன்ற தொழில் நகரங்களில் குடியேறினார்கள். அவர்களில் பலருக்குக் கிடைத்தது நீண்டகாலத் தங்கல் விசா, அதுவும் நிரந்தரம் இல்லை. அந்த வீட்டில் பிறந்து, ஹமமட்சு பள்ளியிலேயே படித்து, பெற்றோரின் விசா வகையிலேயே இருக்கிற பையன் ஒரு கடையில் திருடி மாட்டினால், அவனும் ‘ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர்’தான். அவன் எங்கிருந்தும் வரவில்லை.

இந்த அட்டவணையில் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் சொல் ‘கென்க்யோ’. தமிழ்ச் செய்திகளில் இது ‘கைது’ ஆகிவிடும். கைது நமக்கு அரபியிலிருந்து வந்த சொல், கட்டிப்போடுதல் என்பது மூலப்பொருள். கென்க்யோவில் கட்டு எதுவும் கிடையாது. ஒரு குற்றத்தைச் செய்தவர் இன்னார் என்று காவல்துறை அடையாளம் கண்டு, வேண்டிய விசாரணையை முடித்துவிட்டால் அது கென்க்யோ. ஆளை உள்ளே வைக்காமல் காகிதங்களை மட்டும் அரசு வழக்கறிஞருக்கு அனுப்பினாலும் கென்க்யோ. சின்னக் குற்றம் என்று எச்சரித்து அனுப்பிவிட்டாலும் கென்க்யோ. நீதிமன்றத் தீர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம் ஊர்க் காவல் நிலையத்தில் ‘துப்புத் துலங்கிடுச்சு’ என்பார்களே, அதற்குத்தான் இது கிட்டே வருகிறது. ‘துப்புத் துலங்கிய வழக்கு’ என்று எழுதினால் தப்பே வராது.

கென்க்யோவை இரண்டு விதமாக எண்ணுகிறார்கள். ஒன்று வழக்குகளின் எண்ணிக்கை, இன்னொன்று ஆட்களின் எண்ணிக்கை. கார் திருடுகிற ஒருவன் மாட்டி, இதற்குமுன் நூறு கார் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டு அது நிரூபணமானால், வழக்கு நூறு, ஆள் ஒன்று. 2005ல் இந்த ‘வந்தவர்’ அட்டவணையில், தண்டனைச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களில் துப்புத் துலங்கிய வழக்குகள் 33,037. ஆட்கள் 8,505. தலைப்பில் எது ஏறும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

இப்போது ஒரு வருடத்தை மட்டும் கிட்டே வைத்துப் பார்ப்போம். 2023. ‘அந்த வருடம் ஜப்பானில் எத்தனை வெளிநாட்டவர் குற்றத்தில் சிக்கினார்கள்?’ என்ற ஒரே கேள்விக்கு அரசுக் காகிதங்களிலேயே மூன்று பதில்கள் இருக்கின்றன.

முதல் பதில் 11,534 பேர். ‘வந்தவர்’ அட்டவணையின் மொத்தம் இது. ஆனால் இதில் 5,799 பேர் சிறப்புச் சட்டங்களின் கீழ், அதாவது தண்டனைச் சட்டத்துக்கு வெளியே உள்ள சட்டங்களின் கீழ், சிக்கியவர்கள். அந்தப் பிரிவில் குடிவரவுச் சட்ட மீறலுக்குப் பெரிய பங்கு. விசா முடிந்து தங்குவது என்ற குற்றத்தை ஜப்பானியர் ஒருவர் எவ்வளவு முயன்றாலும் செய்ய முடியாது! வதிவிட அட்டையைச் சட்டைப்பையில் வைக்க மறந்து வெளியே போவதும் அதே சட்டத்தில் குற்றம், 2 லட்சம் யென் வரை அபராதம். ஜப்பானியருக்கு அந்த அட்டையே கிடையாது. (ஜெர்மனியின் காவல்துறைப் புள்ளிவிவரத்தில் குடிவரவு மீறல்களைச் சேர்த்து ஒரு எண், நீக்கி ஒரு எண் என்று இரண்டையும் தருகிறார்கள். எந்த எண்ணைத் தலைப்பாக்குவது என்பது அப்புறம் பத்திரிகையின் பாடு.)

இரண்டாவது பதில் 5,735 பேர். சிறப்புச் சட்டங்களை நீக்கிவிட்டு, திருட்டு, அடிதடி, மோசடி என்று தண்டனைச் சட்டக் குற்றங்களில் சிக்கிய ‘வந்தவர்கள்’ மட்டும்.

மூன்றாவது பதில் 9,726 பேர். அதே தண்டனைச் சட்டக் குற்றங்கள்தான், ஆனால் ‘வந்தவர்’, ‘இருப்பவர்’ எல்லோரையும் சேர்த்து. சட்ட அமைச்சகத்தின் குற்ற வெள்ளையறிக்கையில் இதைப் பார்க்கலாம். அந்த வருடம் நாடு முழுக்கத் தண்டனைச் சட்டக் குற்றங்களில் சிக்கியவர்கள் 1,83,269 பேர். அதில் வெளிநாட்டவர் 5.3 விழுக்காடு.

இந்தச் சொல் யார் கையில் எப்படி வளையும் என்பது இங்கே தெரிகிறது. பயமுறுத்த நினைப்பவர் முதல் எண்ணை எடுத்து, 2023 இறுதியில் ஜப்பானில் வசித்த 34.1 லட்சம் வெளிநாட்டவரால் வகுப்பார். மேலே இருக்கும் எண்ணில் சுற்றுலாப் பயணிகள் இருக்கிறார்கள். அந்த வருடம் வந்தவர்கள் இரண்டரைக் கோடிப் பேர். கீழே இருக்கும் 34.1 லட்சத்தில் அவர்கள் இல்லை. விசா முடிந்து தங்கியவர்களும் மேலே உண்டு, கீழே இல்லை. மாறாக, நிரந்தர உரிமை பெற்ற சுமார் 8.9 லட்சம் பேரும் சிறப்பு நிரந்தர உரிமையுள்ள சுமார் 2.8 லட்சம் பேரும் கீழே உண்டு, மேலே இல்லை. மாம்பழத்தை எண்ணித் தென்னந்தோப்பால் வகுத்த கதை.

சமாதானப்படுத்த நினைப்பவரும் சளைத்தவர் இல்லை. அவர் 5,735ஐ எடுத்து 1,83,269ஆல் வகுத்து, ‘3 விழுக்காடுதான், மக்கள்தொகையில் வெளிநாட்டவர் பங்கும் கிட்டத்தட்ட 3 விழுக்காடு, பாருங்கள் சரிசமம்’ என்பார். நிரந்தர உரிமையுள்ளவர்களை மேலே விட்டுவிட்டுக் கீழே சேர்த்த அதே தப்பு, வேறு திசையில். நேர்மையாகச் செய்தால் 5.3 விழுக்காட்டை வைத்துக்கொண்டு, அதில் பயணிகள் எத்தனை, இளம் ஆண்கள் எத்தனை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வயதானவர்கள் நிறைந்த ஜப்பானிய மக்கள்தொகையோடு, வேலைக்கு வந்த இருபது முப்பது வயதுக்காரர்களை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் அதற்கு ஒரு பத்தியாவது வேண்டும், தலைப்பில் அடங்காது.

‘அதிகரிப்பு’ என்ற சொல்லுக்கும் ஒரு வார்த்தை. ‘வந்தவர்’ அட்டவணையில் வழக்குகள் உச்சம் தொட்டது 2005ல், 47,865. பத்தாண்டு கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. நாட்டின் மொத்தக் குற்றப் பதிவும் 2002ல் 28.5 லட்சமாக இருந்து, 2021ல் 5.7 லட்சமாகச் சரிந்தது. 2023ல் வெளிநாட்டவர் எண் ஏறியது உண்மை. அதே ஆண்டு ஜப்பான் முழுவதற்குமான பதிவும் 6,01,331லிருந்து 7,03,351ஆக ஏறியது. முதல் வரியை மட்டும் போட்டு இரண்டாவதை விட்டால் பொய் சொன்னதாகாது, அவ்வளவுதான்.

இந்த வார்த்தை விளையாட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. 1923 செப்டம்பரில் கான்டோ பூகம்பத்துக்குப் பிறகு, கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்ற வதந்தி கிளம்பியது. செய்தித்தாள்களும் அதை அச்சேற்றின. ஆயிரக்கணக்கான கொரியர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, வென்றவரும் இல்லாமல் தோற்றவரும் இல்லாமல் இருந்த கொரியர்களுக்கும் தைவானியருக்கும் ‘ஸங்கொகுஜின்’, மூன்றாம் நாட்டார், என்று பெயர் விழுந்தது. கறுப்புச் சந்தை, ரௌடித்தனம் என்ற வாடையோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2000 ஏப்ரல் 9 அன்று டோக்கியோ ஆளுநர் இஷிஹாரா ஷின்தாரோ, நெரிமாவில் தரைப்படையினர் முன்னால் பேசும்போது அதே சொல்லை எடுத்தார்: ஸங்கொகுஜின்கள் கொடிய குற்றங்களைச் செய்து வருகிறார்கள், பெரிய பூகம்பம் வந்தால் கலவரம் நடக்கலாம் என்று. பூகம்பத்தையும் அந்தச் சொல்லையும் சேர்த்துக் கேட்டபோது கொரியச் சமூகத்துக்கு எந்த வருடம் நினைவுக்கு வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் சன்செய்தோ கட்சி ‘ஜப்பானியரே முதலில்’ என்ற முழக்கத்தோடு 14 இடங்களைப் பிடித்தது. அந்தப் பிரசாரத்தின்போது பத்திரிகைகள் பலவும் இதே அட்டவணையைத் திறந்துவைத்துக்கொண்டு சரிபார்ப்புக் கட்டுரைகள் எழுதின. தலைப்பில் விழுந்த இரண்டு எழுத்தைக் கட்டுரையில் திரும்பப் பொறுக்கினார்கள்.

இனி தமிழ். ‘ரைநிச்சி கைகொகுஜின்’ என்பதற்கு என்ன சொல்லலாம்?

எழுத்துக்கு எழுத்து பார்த்தால் ‘வந்தேறி’தான் மிக நெருக்கம். வந்து ஏறியவர், குடியேறியவர் என்பதுதான் அதன் பழைய பொருள், ‘வந்தேறுகுடி’ என்றும் அகராதியில் உண்டு. ஆனால் இன்று அது வசைச்சொல், தொடவே கூடாது. ‘அந்நியர்’ என்பதிலும் பகை வாடை அடிக்கிறது. ‘அயல்நாட்டார்’ நல்ல சொல், ஆனால் அயல் என்றால் பக்கம். ஈழத்தில் அயலவர் என்றால் பக்கத்து வீட்டுக்காரர். ‘வருகையாளர்’ என்றால் இருபது வருடம் குடித்தனம் நடத்தும் அந்த மனைவி சிரிப்பார். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசியவர்களை ‘புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும்’ என்று சொல்லியிருக்கிறது. அழகுதான். ஆனால் காவல்துறை அட்டவணையில் அதைப் போட்டால் ‘கலந்து இனிது’ என்பது எங்கே போனது என்று கேட்கத் தோன்றும்.

எழுத்தை விட்டுவிட்டு வரையறையை மொழிபெயர்ப்பதுதான் சரி என்பது என் கட்சி. ‘நிரந்தர வதிவிட உரிமை இல்லாத வெளிநாட்டவர்’. நீளம்தான், ஆனால் அட்டவணை எண்ணுவது கிட்டத்தட்ட இதைத்தான். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ‘நிரந்தரக் குடியுரிமை’ என்று எழுதும் பழக்கத்தை இந்த இடத்திலாவது விட வேண்டும். குடியுரிமை கிடைத்துவிட்டால் அவர் ஜப்பானியர், வெளிநாட்டவர் அட்டவணையிலேயே வரமாட்டார். இலங்கைத் தமிழில் ‘வதிவிட உரிமை’ என்று எப்போதோ தெளிவாகப் பிரித்து வைத்துவிட்டார்கள், அதை எடுத்துக்கொள்ள என்ன தயக்கம்?

மாதிரிக்கு ஒரு தலைப்பு எழுதிப் பார்த்தேன்: ‘ஜப்பானில் நிரந்தர வதிவிட உரிமை இல்லாத வெளிநாட்டவர்மீது துப்புத் துலங்கிய வழக்குகள் உயர்வு’. இரண்டு பத்தி அகலத்தில் மூன்று வரி ஓடுகிறது. பக்கம் போடுகிற நண்பரிடம் காட்டினேன். அவர் பேனாவை எடுத்து, ‘நிரந்தர’ என்பதில் தொடங்கி ‘இல்லாத’ வரைக்கும் ஒரே கோடாக இழுத்தார்.