கெஸ் வேற, இன்ஃபர் வேற: ஊகமும் உய்த்துணர்வும்

மக இங்க சிங்கப்பூர்ல பிரைமரி ஃபைவ் படிக்கிறா. போன வாரம் சைன்ஸ் வொர்க்‌ஷீட் ஒண்ண எடுத்துக்கிட்டு வந்து, "ப்பா, இதுல என்ன இன்ஃபர் பண்ணலாம்னு கேட்டிருக்காங்க, இன்ஃபர்னா தமிழ்ல என்ன, கெஸ் பண்றதுதானே?"ன்னு கேட்டா. நானும் அடுப்படியில நின்னுக்கிட்டே "ஆமாம்மா, யூகிக்கிறது"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். ராத்திரி பாத்திரம் கழுவுறப்பதான் மனசு உறுத்த ஆரம்பிச்சுது, ஏன்னா கெஸ்ஸுக்கு என்ன தமிழ்னு அவ கேட்டிருந்தாலும் இதே வார்த்தையத்தான் சொல்லியிருப்பேன், அப்ப ரெண்டுல ஒண்ணு தப்பாத்தானே இருக்கணும். அதான் ஒக்காந்து எழுதுறேன்.

மொதல்ல கெஸ். இது சுலபம், இதுக்கு நம்ம ஊர்ல வார்த்தைக்குப் பஞ்சமே இல்ல. சமையல்ல உப்பு எவ்வளவுன்னு கேட்டா "அகாக் அகாக் போடு"ன்னு மலாய் வார்த்தையத்தான் எல்லா வீட்டுலயும் சொல்றோம், குத்துமதிப்பா, உத்தேசமான்னு அர்த்தம். அதுக்கும் கீழ ஒண்ணு இருக்கு, திக்காம். அந்தக் காலத்துல மாமா கடையில, அதான் பேட்டையில இருக்குற சின்னச் சில்லறைக் கடையில, அட்டையில சின்னச் சின்னப் பேப்பர ஒட்டி வெச்சிருப்பாங்க, காசு குடுத்து ஒண்ணப் பிச்சா உள்ள நம்பர் இருக்கும், பரிசு விழுந்தாலும் விழும், விழாட்டியும் இல்ல. பரீட்சையில விடை தெரியாம ஏதோ ஒண்ண வட்டம் போட்டுட்டு வந்த புள்ள "திக்காம் பண்ணிட்டேன்"னு சொல்லும். மலாய்ல திக்காம்னா குத்துறது. நம்ம குத்துமதிப்புலயும் ஒரு 'குத்து' இருக்கேன்னு எனக்கும் சட்டுனு தோணுச்சு, ஆனா சத்தம் ஒத்துப்போகுதுங்கிறத மட்டும் வெச்சு ரெண்டும் ஒரே குத்துன்னு நான் சொன்னா அதுவே ஒரு ஊகம்தான், அதனால அத அங்கேயே விட்டுடறேன்.

எழுத்துல இதுக்கு நல்ல சொல் ஊகம். யூகம்னும் எழுதுறோம், பேச்சுல அதுதான் அதிகம், ஆனா மூலச்சொல் சமஸ்கிருத 'ஊஹ', அதனால ஊகம்னு எழுதுறதுதான் எனக்குப் பிடிக்கும். (பழைய இலக்கியத்துல ஊகம்னா கருங்குரங்கு, அது வேற சொல்.) அந்த 'ஊஹ'வுக்கு அங்க ஆராஞ்சு பாக்குறதுங்கிற அர்த்தமும் உண்டு, தமிழுக்கு வந்து புழங்கிப் புழங்கி லேசாகிப் போச்சு, இன்னிக்கு ஊகிச்சேன்னு ஒருத்தர் சொன்னா கையில ஆதாரம் இல்லன்னுதான் நாம எடுத்துக்குறோம்.

இப்ப இன்ஃபருக்கு வருவோம். இது லத்தீன்லேர்ந்து வந்தது, 'இன்'னா உள்ள, 'ஃபெரே'ன்னா சொமந்துக்கிட்டு வர்றது. கையில இருக்குற ஒரு விஷயத்துலேர்ந்து இன்னொரு விஷயத்துக்குக் கொண்டு வந்து சேக்குறது. இதப் படிச்சதும் எனக்கு ஒடனே ஞாபகம் வந்தது உய்த்துணர்தல். உய்த்தல்னா செலுத்துறது, கொண்டுபோய்ச் சேக்குறது. அப்ப உய்த்துணர்தல்னா, தெரிஞ்சதுலேர்ந்து மனசக் கொண்டுபோய்த் தெரியாதத உணர்றது. லத்தீனுக்கும் தமிழுக்கும் இதுல ஒரு ஒறவும் கெடையாது, ஆனா ரெண்டு மொழிக்காரங்களும் இந்த வேலையச் சொமந்து போற வேலையாத்தான் பாத்திருக்காங்க.

சொல்லும் புதுசு இல்ல. தொல்காப்பியம் மரபியல்ல சொல்ற 32 உத்தியில 'உய்த்துக்கொண்டு உணர்தல்' ஒண்ணு, நன்னூல்லயும் 32 உத்தி, அதுல கடைசியா நிக்குறது 'உய்த்துணர வைப்பு'. நூல் எழுதுறவர் எல்லாத்தையும் வெளிப்படையாச் சொல்லாம, படிக்கிறவர் தானே கண்டுபிடிக்கிற மாதிரி வெக்கிறது. இதுல இன்னொரு சந்தேகமும் தீருது, பலபேரு இம்ப்ளையையும் இன்ஃபரையும் மாத்திப் போடுவாங்க இல்லியா, சொல்றவர் வெக்கிறாரு, அது இம்ப்ளை, கேக்குறவர் உய்த்துணர்றாரு, அது இன்ஃபர். ஒரே தொடர்ல ரெண்டு பேரோட வேலையும் இருக்கு.

அப்ப அனுமானம்னு ஒண்ணு இருக்கே, அது? நியாயமாப் பாத்தா அதுவும் இன்ஃபர்தான். 'அனு'ன்னா பின்னால தொடர்ந்து, 'மானம்'னா அளக்குறது. நம்ம ஆளுங்க அறிவுக்கு வழிகாட்டுறத அளவைன்னு சொன்னாங்க, அதுவும் அளக்குறதுதான். கண்ணால பாக்குறது காண்டல், அதத் தொடர்ந்து அறியறது கருதல். (பரீட்சையில வர்ற 'கருத்தறிதல்' பகுதியில இருக்குற கருத்தும் இந்தக் கருதல்லேர்ந்து வந்ததுதான்.) மணிமேகலையில, சமயக்கணக்கர் (பல சமயங்களோட அறிஞருங்க) ஒவ்வொருத்தரும் தங்களோட கொள்கையச் சொல்ற 27ஆவது காதையில, இந்தக் கருதலுக்கு மூணு உதாரணம் வருது, படிச்சுப் பாத்தா இன்னிக்கும் புதுசா இருக்கு: காட்டுல யானை சத்தம் கேட்டா யானை இருக்குன்னு அறியறது, ஆத்துல வெள்ளம் வந்தா மேல மழை பெஞ்சிருக்குன்னு அறியறது, கருத்த மேகத்தப் பாத்து மழை வரும்னு சொல்றது. மூணாவது நமக்குப் பழக்கமானது, சுமத்ரா பக்கமிருந்து விடியக்காலையில கருகருன்னு வந்து காத்தோட அடிக்குமே அந்த மழை, அதுக்கு முன்னாடி வர்ற மேகத்தப் பாத்தாலே கொடியில காயற துணிய எடுக்க ஓடுவோம்.

ஆனா பேச்சுல இந்த அனுமானத்தையும் நாம கெடுத்து வெச்சிருக்கோம். "சும்மா அனுமானமாத்தான் சொல்றேன்"னு சொல்றோம். தர்க்க சாஸ்திரத்துல அவ்வளவு கறாரா இருந்த சொல்லுக்கு முன்னாடி 'சும்மா' போட ஆரம்பிச்சா அது ஊகத்தோட பக்கத்துல போய் ஒக்காந்துடும், ஒக்காந்துடுச்சு. அதனாலதான் இன்ஃபருக்கு உய்த்துணர்தல்னே எழுதுங்கன்னு சொல்றேன், அது இன்னும் தேயல.

வித்தியாசம் சரி தப்புல இல்லங்கிறதுதான் பலபேருக்குப் புரியாத எடம். திக்காம் பண்ணின விடை சரியா இருக்கலாம், அப்பவும் அது திக்காம்தான். உய்த்துணர்ந்தது தப்பாகவும் போகலாம், தரை ஈரமா இருக்கேன்னு மழைன்னு நெனச்சா கிளீனர் கழுவி விட்டிருப்பாரு, இப்படிக் காரணம் மாதிரி தெரிஞ்சு காரணமா இல்லாம போறதுக்கு மணிமேகலையே 'ஏதுப்போலி'ன்னு பேர் வெச்சிருக்கு. "எப்படித் தெரியும்?"னு கேட்டா, வந்த வழியத் திரும்பிக் காட்ட முடியுதா இல்லியா, அதுலதான் எல்லாம் இருக்கு. வழி எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும்தான் போகலாம். மலையில புகை தெரிஞ்சா அங்க தீ இருக்குங்கிறதுதான் பழைய உதாரணம். 2013 ஜூன் 21 அன்னிக்கு புகைமூட்டத்துல, காத்து எவ்வளவு கெட்டிருக்குன்னு காட்டுற பிஎஸ்ஐ அளவு இங்க 401 வரைக்கும் ஏறிச்சு, எங்கயோ பெருசா தீ எரியுதுன்னு அந்தப் புகைய வெச்சே சொல்லலாம், ஆனா இந்தப் பேட்டையிலதான் எரியுதுன்னு சொன்னா அது ஊகம், தீ சுமத்ராவுல இருந்துச்சு.

கோர்ட்டுல இது உயிர்ப் பிரச்சன. 1963ல சிஸ்டர்ஸ் தீவுக்கிட்ட கடல்ல முக்குளிக்க இறங்கின ஒரு பொண்ணு திரும்பவே இல்ல, உடல் கடைசிவரைக்கும் கெடைக்கல. கெடச்சது வார் அறுபட்ட ஒரு ஃப்ளிப்பர். அது போக அந்தப் பொண்ணு பேருல எடுத்திருந்த இன்சூரன்ஸ், கூடப் போன ஆள் நடந்துக்கிட்ட விதம். ஒவ்வொண்ணையும் தனியா எடுத்தா ஒண்ணும் நிக்காது, எல்லாத்தையும் சேத்து வெச்சப்ப ஒரே எடத்துக்குத்தான் போகுதுன்னு 1965ல ஜூரி முடிவு பண்ணி, கூடப் போன அந்த ஆள், சன்னி ஆங், குற்றவாளின்னு சொன்னாங்க. நேர்ல பாத்த சாட்சி இல்லாத எடத்துல ஊகத்துக்கு இடம் குடுத்தா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க.

இவ்வளவும் எழுதினப்புறம் இன்னொண்ணு கவனிச்சேன், எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. இந்த வித்தியாசத்துக்கு நாம படிச்ச சொல்லே தேட வேண்டாம், பேச்சுத்தமிழ் ஒரு எழுத்துல வெச்சிருக்கு. ஈரத் தரையப் பாத்துட்டு "மழை பெஞ்சிருக்கு"ன்னு சொல்லுவோம். ஊர்ல இருக்குற அம்மாவ நெனச்சுக்கிட்டு "இன்னேரம் அங்க மழை பெஞ்சிருக்கும்"னு சொல்லுவோம். பெஞ்சிருக்கு, பெஞ்சிருக்கும். மொதல்ல உள்ளதுக்குக் கண்ணு முன்னாடி ஒரு தடயம் இருக்கு, அடுத்ததுக்கு இல்ல. சின்னப் புள்ளைகூட இத யாரும் சொல்லித் தராமலே புடிச்சுக்கும்.

மறுநாள் மககிட்ட இதத்தான் சொன்னேன். சனிக்கிழமை தோ பாயோ ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டிருந்தோம், அது பூமிக்கு அடியில, வானம் தெரியாது. உட்லண்ட்ஸ் பக்கமிருந்து ரயில் வந்துச்சு, கதவு தெறந்தா உள்ள பாதிப் பேர் கையில சொட்டச் சொட்ட கொடை. அவ என் கையப் புடிச்சு இழுத்து, "ப்பா, ரயில் வர்ற வழியில எங்கயோ மழை பெஞ்சிருக்கு"ன்னா, கொஞ்சம் யோசிச்சுட்டு, "உட்லண்ட்ஸா இருக்கும்"னு சொன்னா.