கத்திரி வெயிலில் மிளகாய்க் களிம்பு

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். முப்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றுகிறார். மடியில் முறத்தை வைத்துக் காலை மடக்கியே உட்கார்ந்ததில் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மருத்துவர் சொன்னபடி மிளகாய்ச் சாரம் சேர்ந்த களிம்பைத் தை மாதத்தில் தடவினார். லேசாக எரிந்தது, மூன்றாவது வாரத்தில் வலி குறைந்தது. அதே களிம்பு கத்திரி வெயிலில் தாங்க முடியாமல் எரிகிறதாம். மருந்து கெட்டுவிட்டதா, தனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்கிறார்.

இரண்டும் இல்லை அம்மா. உங்கள் தோலுக்கடியில் இருக்கும் ஒரு கதவு, மிளகாயையும் வேலூர் வெயிலையும் ஒரே கணக்கில் கூட்டிப் பார்க்கிறது.

வலி நரம்புகளின் நுனியில் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதம் இருக்கிறது. அது திறந்தால் கால்சியமும் சோடியமும் உள்ளே பாயும், நரம்பில் மின்துடிப்பு ஓடும், மூளை வலியை உணரும். இதுவரை பள்ளிப் பாடம். இந்தக் கதவைத் திறக்கும் சாவிகள்தான் என்னை இன்றும் வியக்க வைக்கின்றன. ஒன்று, சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூடு. இன்னொன்று, மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின். இரண்டுக்கும் கதவு ஒன்றே என்பதால் மூளைக்கு வேறுபாடு தெரிவதில்லை. மிளகாய் எரிகிறது என்று நாம் சொல்வது உவமையே அல்ல, நரம்பைப் பொறுத்தவரை அது நெருப்புதான்.

அமெரிக்காவின் டேவிட் ஜூலியஸ் குழு 1997இல் இந்தக் கதவைக் கண்டுபிடித்த விதம் அழகானது. வலி நரம்புகளில் வேலை செய்யும் மரபணுத் துண்டுகளை, காரமே தெரியாத வேறு செல்களுக்குள் கூறு கூறாகச் செலுத்தி, அவற்றின்மீது கேப்சைசினை ஊற்றிப் பார்த்தார்கள். கால்சியம் புகுந்தால் ஒளிர்ந்து காட்டும் சாயம் உள்ளே இருந்தது. எந்தச் செல் மின்னியதோ அதற்குள் இருந்தது அந்த மரபணு. 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. பறவைகளிடமும் இதே கதவு உண்டு, ஆனால் மிளகாய்ச் சாவி அதில் பொருந்தாது. கிளி மிளகாய்ப் பழத்தை நிதானமாகக் கொறிப்பது அதனால்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கேப்சைசின் ஒட்டிக்கொண்டபின் கதவு திறக்க 43 டிகிரி வேண்டியதில்லை, அதைவிடக் குறைந்த சூடே போதும். தையில் தோல் குளிர்ந்திருந்தது. கத்திரியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டி, சிமென்ட் ஷீட் கூரை தகிக்கும்போது தோலும் சூடேறிவிடுகிறது, வியர்வையும் சேர்ந்துகொள்கிறது. களிம்பின் அளவு மாறாமலே எரிச்சல் ஏறுகிறது. வெந்நீரில் குளித்த உடனே தடவினாலும் இதுதான் நடக்கும். வெயில் தாழ்ந்தபின், உடம்பு ஆறியபின் தடவுங்கள். கொப்புளம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எரிக்கும் பொருள் வலியை எப்படிக் குறைக்கிறது? கதவு திரும்பத் திரும்பத் திறப்பதால் கால்சியம் அளவுக்கு மீறி உள்ளே குவிகிறது. நரம்பு நுனியின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா செயலிழக்கிறது. நுனி சுருங்கித் தோலிலிருந்து பின்வாங்குகிறது. சேதி அனுப்ப அங்கே ஆளில்லை. மருந்தை நிறுத்தினால் நுனி மெல்ல வளர்ந்து பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆகவே ஒருநாள் தடவிப் பார்த்துப் பயனில்லை என்று குழாயை எறிவது வீண். 0.025 முதல் 0.075 சதவீதம் வரையுள்ள களிம்பை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, சில வாரங்கள் விடாமல் தடவ வேண்டும்.

முழங்கால் தேய்மானத்துக்கு இதனால் கிடைக்கும் பலன் மிதமானது, தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்காது. சோதனை நடத்துவதிலும் சிக்கல் உண்டு. ஒப்பிடுவதற்காகச் சிலருக்குத் தரும் மருந்தில்லாத போலிக் களிம்பு எரியாததால் தனக்குக் கிடைத்தது எது என்று நோயாளிக்குத் தெரிந்துவிடும். நம் நொச்சித் தைலத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு, மணமே காட்டிக்கொடுத்துவிடும். அதே மணமுள்ள போலித் தைலம் செய்து முறையாகச் சோதிக்கப் பணம் வேண்டும். மூலிகையின் பெருமை பேசும் மேடைகளுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை இதற்குத் தாருங்கள் என்று அரசை மன்றாடிக் கேட்கிறேன்.

இயற்கை என்பதால் பக்கவிளைவே இல்லை என்ற பேச்சு எனக்குக் கோபமூட்டுகிறது. வலித் தைலங்களில் சேரும் விண்டர்கிரீன் எண்ணெயில் இருப்பது மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவு. ஒரு தேக்கரண்டி குடித்தால் சுமார் 7 கிராம் ஆஸ்பிரின் விழுங்கியதற்குச் சமம், குழந்தையின் உயிரைப் பறிக்கும். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தாராளமாகத் தடவினால் ரத்தக்கசிவு வரலாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு வலிப்பு வரும். பெயர்ச்சீட்டு இல்லாத பஸ் நிலையத் தைலத்தில் என்ன இருக்கிறது என்பது காய்ச்சியவருக்கே வெளிச்சம்.

விரல் மூட்டுக்கும் தடவலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் 2019 வழிகாட்டி முழங்காலுக்கு இதை ஏற்கிறது, கைவிரலுக்குத் தவிர்க்கச் சொல்கிறது. விரல் கண்ணுக்குப் போகும் என்பது ஒரு காரணம். நீங்களோ நாள் முழுதும் இலையைத் தொட்ட கையால்தான் வியர்வை துடைக்கிறீர்கள். முழங்காலில் தடவி முடித்ததும் வெறும் தண்ணீரில் கழுவினால் காரம் போகாது, அது எண்ணெயில்தான் கரையும். உள்ளங்கையில் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு, நகக்கண் வரை தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.