தோர்தாங் தாலோங்: சுட்ட கத்தரிக்காய், முட்டை, இறால் விழுது

பிலிப்பைன்ஸ் வீடுகளில் சுடுசோற்றுக்குத் துணையாக அடிக்கடி வரும் பதார்த்தம் ‘தோர்தாங் தாலோங்’. முழுக் கத்தரிக்காயைத் தீயில் சுட்டு, காம்பை விட்டுவிட்டுத் தோலை மட்டும் உரித்து, தட்டையாக அழுத்தி, அடித்த முட்டையில் தோய்த்துப் பொரிப்பார்கள். தொட்டுக்கொள்ள ‘பகோஓங் அலமாங்’ எனும் நொதித்த இறால் விழுது. வேலை எளிதுதான். ஆனால் சுடும்போது அவசரப்பட்டால் பிறகு என்ன செய்தாலும் தேறாது.

காரணம் காயின் சதையில் இருக்கிறது. கத்தரிக்காயின் செல்களுக்கு இடையே காற்று நிறைந்த இடைவெளிகள் ஏராளம். தண்ணீரில் போட்டால் காய் மிதப்பது அதனால்தான். பச்சையாக நறுக்கிப் பொரித்தால், ஸ்பாஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போல அந்த இடைவெளிகள் எண்ணெயைக் குடித்துவிடும். முதலில் சுட்டுவிட்டால் கதையே வேறு. சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது செல் சவ்வுகள் சிதைந்து உள்ளிருக்கும் நீர் கசிகிறது. இன்னும் சூடேறினால், செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டினும் இளகுகிறது. காற்று வெளியேறி, சதை அமிழ்ந்து குழைந்துவிடுவதால் எண்ணெய் புக இடமில்லை. வெட்டிய காயைக் கறுக்க வைக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதியும் அந்தச் சூட்டிலேயே செயலிழக்கிறது. நன்றாக வெந்த காயை உரித்த பிறகும் சதை வெளிறியே இருப்பது இதனால்தான்.

இதற்கு நீளமான, ஒல்லியான ஊதாக் காய்தான் சரி. சுமார் 150 கிராம் எடையில் நான்கு எடுத்துக்கொள்ளலாம். குண்டுக் காய் என்றால் தோல் கருகிய பிறகும் நடுப்பகுதி வேகாமல் நிற்கும். சுடுமுன் முள்கரண்டியால் நாலைந்து இடங்களில் குத்திவிடுங்கள்; இல்லாவிட்டால் உள்ளே சேரும் ஆவி காயை வெடிக்க வைக்கலாம். கேஸ் அடுப்பின் நேரடித் தீயில், 2 நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பி, 8 முதல் 10 நிமிடம் சுட வேண்டும். கரித்தணலில் இன்னும் சற்று நேரமாகும். ஆனால் அந்தப் புகைமணத்துக்கு ஈடு கிடையாது.

வெந்துவிட்டதா என்று நடுவில் அழுத்திப் பார்ப்பது பலரும் செய்யும் தவறு. காம்பை ஒட்டிய கழுத்துப் பகுதி தீக்கு விலகி, காயின் தலையில் தொப்பி போலிருக்கும் புல்லி மூடிய நிலையில் இருப்பதால் அதுதான் கடைசியில் வேகும். இடுக்கியால் அங்கே பிடித்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் அமுங்க வேண்டும். பிறகு பாத்திரத்தில் போட்டு 10 நிமிடம் மூடிவைத்தால், உள்ளே தங்கிய ஆவி தோலைச் சதையிலிருந்து விடுவிக்கும். தண்ணீரில் அலசி உரிக்கவே கூடாது. புகைமணமும் சாறும் அதோடு போய்விடும்.

உரித்த காயைச் சல்லடையில் 10 நிமிடம் வடியவிடுங்கள். ஈரம் மிகுந்தால் பொரிக்கும்போது அந்த நீர் ஆவியாகி முட்டையைச் சதையிலிருந்து தள்ளிவிடும், எண்ணெயும் தெறிக்கும். முள்கரண்டியின் முதுகால் 1 சென்டிமீட்டர் தடிமனுக்கு அழுத்துங்கள். அப்போது விழும் கோடுகளில் முட்டை இறங்கி நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு காய்க்கு ஒரு முட்டை. அடித்த முட்டை 73 டிகிரி அளவில் கெட்டிப்படும் என்பதால் மிதமான தீ போதும். 2 மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் தோய்த்த காயை வைத்து, மிஞ்சிய முட்டையை மேலே ஊற்றி, பக்கத்துக்கு 2 அல்லது 3 நிமிடம் விடுங்கள். எண்ணெய் சரியாகக் காயாவிட்டால் முட்டை பரந்து ஓடிவிடும். முட்டையில் உப்பு போடாதீர்கள். உப்பு முழுவதும் விழுதிலிருந்து வர வேண்டும்.

அந்த விழுதுக்கான இறால், நம் கடற்கரையில் காயவைத்து விற்கும் சென்னாக்கூனியின் இனம். எடையில் மூன்று பங்கு இறாலுக்கு ஒரு பங்கு உப்பு என்பது வழக்கமான கணக்கு. அவ்வளவு உப்பில் அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் பெருக முடியாது. இறாலின் குடலில் உள்ள நொதிகளோ வேலையைத் தொடர்ந்து, புரதத்தை அமினோ அமிலங்களாகத் துண்டாடுகின்றன. அவற்றில் ஒன்று குளுட்டாமிக் அமிலம். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசியில் கண்டறிந்த ‘உமாமி’ எனும் ஐந்தாவது அடிப்படைச் சுவை இதனுடையதுதான். முட்டையின் குளுட்டாமிக் அமிலம் பெரும்பாலும் புரதத்துக்குள் பூட்டிக் கிடப்பதால் நாக்குக்கு எட்டாது. விழுதில் அது தனித்து இருக்கிறது. கத்தரிக்காயின் இலேசான கசப்பை விழுதின் சோடியம் மட்டுப்படுத்துகிறது.

விழுதை அப்படியே வைக்காமல் வதக்கிக்கொள்வது நல்லது. 100 கிராமுக்கு 5 பல் பூண்டு, ஒரு வெங்காயம், 2 தக்காளி. இவை மூன்றும் வதங்கிய பிறகே விழுதைச் சேர்க்க வேண்டும். பிரிந்து நிற்கும் அமினோ அமிலங்கள் சர்க்கரையோடு சேர்ந்து வேகமாகப் பழுப்பாகும் என்பதால், 2 தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரையைக் கடைசியில்தான் போட வேண்டும். முன்னரே போட்டால் அடிபிடித்துக் கசக்கும். ஒரு மேசைக்கரண்டி வினிகர், கவிச்சி வாடைக்குக் காரணமான அமீன்களை ஆவியாகாத உப்பாக மாற்றி வாடையைக் குறைக்கும்.

இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த விழுதைத் தொடவே வேண்டாம். ஒவ்வாமை தரும் ட்ரோபோமயோசின் புரதம் சமையல் சூட்டில் அழியாது. மற்றவர்களுக்கு ஒரு காய்க்கு ஒரு தேக்கரண்டி தாராளம். சோறு உப்பில்லாமல் வடித்ததாக இருக்கட்டும்.